"நுகர்வோரே அல்லர்": இந்திய நுகர்வோர் சட்டம் மறுப்புகளுக்கு நடுவே வளர்ந்த வரலாறு

1986 டிசம்பர் 24 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 31 பிரிவுகளே கொண்ட சிறிய சட்டம். அதன் கீழ் நடந்த வழக்குகளின் பதிவுகளைப் புரட்டும் எவருக்கும் ஒரு செய்தி விரைவில் புலப்படும். விற்ற பொருள் பழுதானதா, செய்து கொடுத்த வேலையில் குறை உண்டா என்ற கேள்விக்கு விடை சொல்வதற்கு முன்பே எதிர்த்தரப்பினர் வேறொரு வாதத்தை எழுப்பியிருப்பர்: மனுதாரர் சட்டம் குறிப்பிடும் நுகர்வோரே அல்லர், தாங்கள் செய்வது சேவையே அன்று, இந்த மன்றத்துக்கு இவ்வழக்கைக் கேட்கும் அதிகாரமே இல்லை. வழக்கின் உள்ளடக்கத்துக்குள் நுழையவிடாமல் வாசலிலேயே அதைத் திருப்பி அனுப்பக் கோரும் இவ்வகை வாதத்தை முதனிலை ஆட்சேபணை என்பர். நுகர்வோர் உரிமையின் இன்றைய எல்லைகளில் பெரும்பகுதி, இந்த ஆட்சேபணைகளை எதிர்த்து மேல்முறையீடு வரை சென்ற சாதாரண மனிதர்களின் வழக்குகளில்தான் வரையப்பட்டது.

1986க்கு முன்பு பொருள் வாங்கியவருக்கு இருந்த சட்டத் துணை மெலிந்தது. ஆங்கிலேயச் சட்டத்தைத் தழுவி 1930இல் இயற்றப்பட்ட சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, விற்கும் பொருளின் தரத்துக்கோ பயன்பாட்டுத் தகுதிக்கோ விற்பவர் தாமாக உத்தரவாதம் அளித்தவராகக் கொள்ளப்படமாட்டார் என்பதைப் பொது விதியாக வைத்து, சில விலக்குகளை மட்டும் அனுமதித்தது. பார்த்து வாங்குவது வாங்குபவரின் பொறுப்பு என்பதே அதன் அடிப்படை. அந்த விலக்குகளில் ஒன்றைப் பற்றிக்கொண்டு வழக்காட விரும்பியவர் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கின் மதிப்புக்கேற்ற நீதிமன்றக் கட்டணத்தைச் செலுத்தி, வழக்கறிஞரை அமர்த்தி, வாய்தாவுக்கு வாய்தா அலைய வேண்டியிருந்தது. உணவுக் கலப்படத் தடைச் சட்டம் (1954), எடை அளவைத் தரச் சட்டம் (1976) போன்றவை அரசு தொடுக்கும் குற்ற வழக்குகளுக்கு வழிசெய்தன. கலப்பட எண்ணெய் வாங்கி உடல்நலம் கெட்டவர் அவ்வழக்கில் சாட்சியாக நிற்கலாம், கடைக்காரர் கட்டும் அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போகும், அவருக்கென்று ஒரு காசும் வராது.

அந்தக் காலத்திலும் விடாமல் வழக்காடியவர்கள் உண்டு. 1966ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பெற்ற சென்னை உயர் நீதிமன்ற வழக்கொன்று இதற்குச் சான்று. வெளுக்கக் கொடுத்த புதுச் சேலையைத் தொலைத்துவிட்ட சலவை நிறுவனம் ஒன்று, தான் கொடுத்த ரசீதில் அச்சிடப்பட்டிருந்த நிபந்தனையைச் சுட்டிக்காட்டி, துணி தொலைந்தால் அதன் சந்தை விலையில் 15 விழுக்காடு மட்டுமே தரக் கடமைப்பட்டிருப்பதாக வாதிட்டது. இந்த நிபந்தனையை ஏற்றால் புதுச் சேலையைத் தொலைத்ததாகச் சொல்லி விலையில் ஒரு சிறு பங்கைக் கொடுத்துவிட்டு அதைத் தானே வைத்துக்கொள்ள எந்தச் சலவைக்காரரும் துணியலாம் என்று கண்ட நீதிமன்றம், பொதுக் கொள்கைக்கு முரணானது என்று அந்நிபந்தனையைத் தள்ளியது. ரசீதின் பின்புறத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டதெல்லாம் ஒப்பந்தமாகிவிடாது என்ற கருத்து, நுகர்வோர் சட்டம் வருவதற்கு இருபதாண்டு முன்பே, ஒரு சேலையைப் பற்றிய வழக்கில் இப்படி வேர்கொண்டது.

மும்பையில் இல்லத்தரசிகள் சிலர் சேர்ந்து 1966இல் தொடங்கிய இந்திய நுகர்வோர் வழிகாட்டுச் சங்கம், 1970களில் புனேயில் உருவான கிராகக் பஞ்சாயத்து இயக்கம், 1978இல் மனுபாய் ஷா அகமதாபாத்தில் நிறுவிய நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம், 1985இல் சென்னையில் தோன்றிய நுகர்வோர் மற்றும் குடிமக்கள் நடவடிக்கைக் குழு ஆகியவை தனிமனிதர் குறைகளைப் பொதுப் பிரச்சினையாக எழுப்பின. பெரிய நிறுவனம் ஒன்று குறைகூறுபவரை எவ்வாறு எதிர்கொள்ளும் என்பதற்கு அகமதாபாத் மையத்தின் அனுபவம் தெளிவான எடுத்துக்காட்டு. ஆயுள் காப்பீட்டுக் கழகம் பாலிசிதாரர்களிடம் தேவைக்கு மிகுதியான பிரீமியம் வாங்குகிறது என்று மனுபாய் ஷா எழுதிய ஆய்வுக்கு, கழகம் தன் சொந்த இதழான 'யோகக்ஷேமா'வில் மறுப்பு வெளியிட்டது. அந்த மறுப்புக்கு அவர் எழுதிய பதிலை வெளியிடக் கேட்டபோது, அது தங்கள் வீட்டு இதழ், வெளியார் எழுத்துக்கு அதில் இடமில்லை என்று மறுத்தது. பொதுமக்கள் பணத்தில் நடக்கும் நிறுவனம் தன் இதழில் ஒரு பக்கத்தின் கருத்தை மட்டும் சொல்லிவிட்டு மறுபக்கத்தை மறைக்க முடியாது என்று குஜராத் உயர் நீதிமன்றம் கூறியதை 1992இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. குறை சொல்லும் உரிமை பேச்சுரிமையின் ஒரு பகுதி என்பது இவ்வழக்கின் பயன்.

வெளிநாட்டுத் தூண்டுதலும் இருந்தது. 1962 மார்ச் 15 அன்று அமெரிக்க அதிபர் கென்னடி அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில் பாதுகாப்பு, தகவல், தெரிவு, செவிமடுக்கப்படுதல் என்னும் நான்கு உரிமைகளைப் பட்டியலிட்டார். அந்த நாளை உலக நுகர்வோர் உரிமை நாளாக அனுசரிக்கும் வழக்கம், பினாங்கைச் சேர்ந்த அன்வர் ஃபசாலின் முயற்சியால் 1983இல் தொடங்கியது. 1985 ஏப்ரலில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நுகர்வோர் பாதுகாப்புக்கான வழிகாட்டு நெறிகளை ஏற்றது. அடுத்த ஆண்டே இந்தியச் சட்டம் வந்தது.

மாவட்ட மன்றம், மாநில ஆணையம், தேசிய ஆணையம் என்ற மூன்றடுக்கு அமைப்பை அச்சட்டம் ஏற்படுத்தியது. ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்குகள் மாவட்டத்துக்கும், பத்து லட்சம் வரையிலானவை மாநிலத்துக்கும், அதற்கு மேற்பட்டவை தேசிய ஆணையத்துக்கும் என்று பிரிக்கப்பட்டன. தொடக்கத்தில் கட்டணம் எதுவும் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தாலே போதும். ஆயினும் மனுவைக் கொண்டுபோய்க் கொடுக்க மன்றம் வேண்டுமே. பல மாநில அரசுகள் மாவட்ட மன்றங்களை அமைக்காமலே காலங்கடத்தின, எச். டி. ஷௌரி தலைமையில் தில்லியில் இயங்கிய 'காமன் காஸ்' அமைப்பு உச்ச நீதிமன்றத்தை அணுகி, மாநிலங்களுக்கு உத்தரவு பெற்ற பிறகே பல மாவட்டங்களில் அவை உருப்பெற்றன. நிறுவனங்களின் எதிர்ப்பைப் பற்றிப் பேசும்போது அரசுகளின் இந்த அசட்டையையும் சேர்த்தே சொல்ல வேண்டும், ஏனெனில் தொடக்க காலத்தில் கடுமையாக எதிர்த்து நின்றவற்றுள் அரசு அமைப்புகளும் இருந்தன.

1993 நவம்பர் 5 அன்று தீர்ப்பான லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கே இதற்குச் சான்று. குடியிருப்பை உரிய காலத்தில் முடித்துத் தராத ஆணையம், தான் சட்டத்தால் அமைக்கப்பட்ட பொது அமைப்பு என்றும், வீடு கட்டித் தருவது அசையாச் சொத்து தொடர்பானது, ஆகவே சேவை ஆகாது என்றும் வாதிட்டது. நீதிபதிகள் குல்தீப் சிங்கும் ஆர். எம். சகாயும் இவ்விரண்டையும் மறுத்ததோடு நிற்கவில்லை. மனுதாரர் அலைக்கழிக்கப்பட்டதற்காகத் தேசிய ஆணையம் விதித்த 10,000 ரூபாயை வளர்ச்சி ஆணையம் முதலில் செலுத்தட்டும் என்றும், அது மக்களின் வரிப்பணம் என்பதால் அலைக்கழித்த அலுவலர்கள் யாரென்று கண்டறிந்து அவர்களிடமிருந்தே அத்தொகையை வசூலிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டனர். தொகை சிறியது. ஆனால் கோப்புக்குப் பின்னால் முகமற்று இருந்த அதிகாரம் ஒரு தனிமனிதரின் சம்பளத்தைத் தொடும் பொறுப்பாக மாறியது இங்கேதான்; இன்றளவும் நுகர்வோர் வழக்குகளில் மன உளைச்சலுக்கென்று தனியே இழப்பீடு கோரும்போது இத்தீர்ப்பே முதலில் எடுத்துக்காட்டப்படுகிறது.

மருத்துவர்களின் எதிர்ப்பு இதைவிடப் பலமானது. சட்டத்தில் 'சேவை' என்பதன் வரையறை, இலவசமாகச் செய்யப்படுவதையும் தனிப்பட்ட பணி ஒப்பந்தத்தின் கீழ்ச் செய்யப்படுவதையும் விலக்கியிருந்தது. மருத்துவர் நோயாளிக்கு அளிப்பது தனிப்பட்ட பணியே என்பது அவர்களுடைய வாதம். நோயறிதலும் சிகிச்சையும் சட்டம் சொல்லும் சேவையில் அடங்கா, நோயாளி நுகர்வோர் ஆகமாட்டார் என்று 1994இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததால், தமிழகத்தில் தவறான சிகிச்சைக்கு நுகர்வோர் மன்றத்தை நாடும் வழி சிறிது காலம் அடைபட்டிருந்தது. இந்திய மருத்துவச் சங்கம் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்ற வழக்கில் 1995 நவம்பர் 13 அன்று இது தலைகீழானது. எசமான் சொற்படி நடக்கும் வேலையாளின் பணி ஒப்பந்தம் வேறு, தம் அறிவையும் திறனையும் கட்டணத்துக்கு அளிக்கும் வல்லுநரின் ஒப்பந்தம் வேறு என்று நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. சட்டம் விலக்கியது முன்னதை மட்டுமே. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள் சட்டத்துக்கு வெளியே நின்றன. சிலரிடம் கட்டணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் மருத்துவமனையில் இலவச நோயாளியும் நுகர்வோரே என்று அத்தீர்ப்பு கூறியது, ஏழை நோயாளிக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு. வழக்கறிஞர்கள் எழுப்பிய இதே வகையான வாதத்தை 2024 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஏற்று அவர்களைச் சட்டத்தின் பிடிக்கு வெளியே நிறுத்தியது. இரண்டு தொழில்களுக்கு இரு வேறு அளவுகோல் எப்படிப் பொருந்தும் என்ற கேள்விக்கு மனநிறைவான விடை இன்னும் கிடைக்கவில்லை.

'வணிக நோக்கம்' என்ற ஆட்சேபணை வேறு வகையானது. மறுவிற்பனைக்கோ வணிகத்துக்கோ பொருள் வாங்குபவரைச் சட்டம் நுகர்வோராகக் கொள்வதில்லை. இதைப் பிடித்துக்கொண்டு, தையல் இயந்திரம் வாங்கிய தையற்காரரையும் ஆட்டோ வாங்கிய ஓட்டுநரையும் வணிகர் என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடிந்தது. சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கிய பொருள் வணிக நோக்கத்தில் அடங்காது என்ற விளக்கம் 1993இல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. கோயம்புத்தூர் உற்பத்தியாளர் ஒருவரிடம் வாங்கிய கடைசல் இயந்திரம் பழுதானது பற்றிய வழக்கில் 1995 ஏப்ரலில் இதன் பொருளை உச்ச நீதிமன்றம் விரித்துரைத்தது: தட்டச்சுப் பொறியை வாங்கித் தாமே தட்டச்சு செய்து பிழைப்பவர் நுகர்வோர், ஆட்டோவையோ கடைசல் இயந்திரத்தையோ வாங்கி முழுக்க வேறொருவரை வைத்து இயக்கிப் பொருளீட்டுபவர் நுகர்வோர் அல்லர். அவ்வழக்கின் மனுதாரர் தோற்றுப்போனார். ஆனால் அவருடைய தோல்வியில் பிறந்த அளவுகோல் சிறுதொழில் செய்து பிழைக்கும் பலருக்கு மன்றத்தின் கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

வேறு தனிச்சட்டம் இருப்பதால் இந்த மன்றத்துக்கு வேலையில்லை என்ற வாதமும் அடிக்கடி வரும். நுகர்வோர் சட்டத்தின் 3ஆம் பிரிவு, தன் தீர்வு மற்றச் சட்டங்கள் தரும் தீர்வுகளுக்குக் கூடுதலானது என்று தெளிவாகவே சொல்லியிருந்தும் இது ஓயவில்லை. தமிழகத்தில் நெல் மூட்டைகளை ஈடு வைத்துக் கடன் பெற்ற உறுப்பினர்கள் தொடுத்த வழக்கில், கூட்டுறவுச் சங்கத் தகராறுகளைக் கூட்டுறவுத் துறைப் பதிவாளரே தீர்க்க வேண்டும் என்று திருமுருகன் கூட்டுறவு வேளாண் கடன் சங்கம் எழுப்பிய வாதத்தை 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 3ஆம் பிரிவைக் காட்டி நிராகரித்தது. தொலைபேசி விஷயத்தில் நேர்மாறாக நடந்தது. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 7-ஆ பிரிவு தொலைபேசித் தகராறுகளை அரசு நியமிக்கும் நடுவரிடம் ஒப்படைப்பதால் நுகர்வோர் மன்றம் தலையிட முடியாது என்று 2009இல் வந்த மிகச் சுருக்கமான தீர்ப்பு ஒன்றைக் காட்டி, கைபேசி நிறுவனங்களுக்கு எதிரான புகார்கள் பல மன்றங்களில் திருப்பப்பட்டன. கைபேசி ஏறத்தாழ ஒவ்வொரு வீட்டுக்கும் வந்துசேர்ந்த ஆண்டுகள் அவை. தவறான கட்டணப் பட்டியலுக்கு நியாயம் கேட்டவருக்கு, தந்தி அடித்த காலத்துச் சட்டம் குறுக்கே நின்றது. 2022 பிப்ரவரியில்தான் அத்தீர்ப்பு சரியன்று என்று உச்ச நீதிமன்றம் கூறியது. இடையில் கழிந்த பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலான காலத்தில் உரிமை இழந்தவர்களுக்கு அதனால் பயனேதும் இல்லை.

இவ்வகை ஆட்சேபணைகள் அத்தனையும் ஒரே வழக்கில் திரண்டு வந்தது, தேசிய விதைக் கழகத்துக்கு எதிராக ஆந்திர உழவர்கள் தொடுத்த வழக்கில். கழகத்திடம் வாங்கிய விதை சரியாக முளைக்காமலும் விளையாமலும் போய் நட்டப்பட்ட உழவர்கள் கர்நூல், மகபூப்நகர், குண்டூர் உள்ளிட்ட மாவட்ட மன்றங்களை நாடினர். கழகம் சொன்னது: விதைக்கென்று 1966ஆம் ஆண்டுத் தனிச்சட்டம் உண்டு, எனவே நுகர்வோர் மன்றம் கூடாது; விளைவித்த விதையைத் திரும்ப எங்களிடமே விற்பவர்கள் வணிகர்கள், நுகர்வோர் அல்லர்; ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்புக்கு இசைந்திருக்கிறார்கள்; எல்லாவற்றுக்கும் மேலாக, பொருளில் குறையுண்டா என்பதை ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பித்தான் முடிவு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்லும்போது, உழவர்கள் விதை மாதிரி எதையும் கொடுக்கவில்லை.

2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த விடை வயலை அறிந்தோரின் விடை. விதை வாங்கும் உழவர், அது பொய்த்துப் போகும் என்று எதிர்பார்த்து ஒரு பிடியை எடுத்து முடிந்து வைப்பதில்லை. வாங்கிய அனைத்தையும் விதைத்துவிடுவார். அவரிடம் மாதிரி கேட்பது அவரால் இயலாததைக் கேட்பது. அதே குவியலின் விதை கழகத்தின் கிடங்கில் இருந்திருக்கும், குறையில்லை என்று நிரூபிக்க விரும்பினால் கழகமே அதை ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கலாம். வயலை நேரில் பார்வையிட்டோர் தந்த அறிக்கைகள் சான்றாக ஏற்கப்பட்டன. விதைச் சட்டமோ முதற்குற்றத்துக்கு 500 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது, பயிரை இழந்தவருக்கு இழப்பீடு தர அதில் வழியே இல்லை. நடுவர் தீர்ப்பு பற்றிய வாதமும் வணிகர் என்ற வாதமும் சேர்ந்தே விழுந்தன. வாங்கியவுடன் நுகரப்பட்டு மறைந்துவிடும் எந்தப் பொருளைப் பற்றிய வழக்கிலும், சான்றைச் சேமிக்கும் சுமை யாருடையது என்ற கேள்விக்கு இத்தீர்ப்பு வழிகாட்டுகிறது. இத்துறையின் வரலாற்றில் இதற்குரிய இடம் இன்னும் போதிய அளவு உணரப்படவில்லை.

கையெழுத்திட்ட பிறகு முறையிடுவதா என்பது கட்டுமான நிறுவனங்கள் விரும்பிக் கையாளும் மறுப்பு. 2019 ஏப்ரலில் தீர்ப்பான வழக்கில் குருகிராம் அடுக்ககம் ஒன்றின் ஒப்பந்தத்தை உச்ச நீதிமன்றம் வரிவரியாக எடுத்துவைத்தது. வாங்குபவர் தவணை தவறினால் ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி, முப்பது நாளுக்கு மேல் தாமதித்தால் ஒதுக்கீட்டையே ரத்து செய்யும் உரிமை நிறுவனத்துக்கு. நிறுவனம் வீட்டைத் தரத் தவறினாலோ, சலுகைக் காலம் முடிந்து மேலும் 12 மாதங்கள் காத்திருந்து, 90 நாள் அறிவிப்புக் கொடுத்து, அதன்பின் பணத்தைத் திருப்ப மேலும் 90 நாள் அவகாசமும் கொடுத்து, அதையும் தாண்டித் தாமதித்தால் மட்டுமே 9 விழுக்காடு வட்டி. இப்படி ஒருதலைப்பட்சமாக எழுதப்பட்ட ஒப்பந்தத்தை வேறு வழியின்றி ஏற்றுக் கையெழுத்திட்டவரை அது கட்டுப்படுத்தாது, அத்தகைய ஒப்பந்தமே நியாயமற்ற வணிக நடைமுறை என்று நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு ஆகஸ்டில் இயற்றப்பட்டு 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்பதைத் தனியே வரையறுத்தது. விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று கடைப் பட்டியலில் அச்சிடும் பழைய வழக்கத்துக்கும் அது முடிவு கட்டியது: குறையுள்ள பொருளைப் பட்டியலில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் முப்பது நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் பட்டியலே தராதிருப்பதும் இப்போது சட்டப்படி நியாயமற்ற நடைமுறைகள். மனுதாரர் தாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம் என்றும் அச்சட்டம் வழிசெய்தது. முன்பு எதிர்த்தரப்பின் அலுவலகம் இருக்கும் இடத்துக்கோ தகராறு எழுந்த இடத்துக்கோ செல்ல வேண்டியிருந்தது.

வாதங்கள் ஒவ்வொன்றாகத் தோற்றபின் எஞ்சிய ஆயுதம் காலதாமதம். மூன்று மாதத்தில் வழக்கை முடிக்க வேண்டும் என்பது சட்டத்தின் விருப்பம். பதிலுரை தாக்கல் செய்ய எதிர்த்தரப்புக்கு 30 நாள், மன்றம் அனுமதித்தால் இன்னும் 15 நாள். இந்த 45 நாள் கட்டாயமா, வெறும் வழிகாட்டலா என்பதில் 2002 முதலே உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகள் ஒன்றோடொன்று முரண்பட்டதால், மாதக்கணக்கில் பதிலுரை தராமல் வாய்தா வாங்கும் வழக்கம் வேரூன்றியது. 45 நாளுக்கு மேல் ஒரு நாளும் நீட்ட முடியாது என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020 மார்ச்சில் தீர்த்தது. தோற்ற நிறுவனம் மேல்முறையீடு செய்து இழுத்தடிப்பதற்கும் ஒரு கடிவாளம் வந்தது. பழைய சட்டத்தில் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்ய, தீர்ப்பான தொகையில் பாதி அல்லது 25,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதைக் கட்டினால் போதும். இருபது லட்சம் ரூபாய்த் தீர்ப்பையும் 25,000 ரூபாயில் நிறுத்தி வைக்க முடிந்தது. புதிய சட்டம் பாதித் தொகையைக் கட்டாயமாக்கியது. 1998இல் கொல்கத்தாவில் அளிக்கப்பட்ட தவறான சிகிச்சையால் நேர்ந்த மரணத்துக்கு ஏறத்தாழ 6 கோடி ரூபாய் இழப்பீடு என்ற முடிவு 2013இல்தான் வந்தது என்பதை நினைத்தால், இந்தக் கடிவாளங்களின் தேவை விளங்கும்.

தீர்ப்பு வந்தும் பணம் வராத நிலைக்கு ஒரு வரைவுப் பிழையும் காரணமாயிற்று. 2002இல் நிறைவேறி 2003 மார்ச் 15 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில், உத்தரவுக்குக் கீழ்ப்படியாதவரின் சொத்தை முடக்கும் அதிகாரம் தரும் 25ஆம் பிரிவு இடைக்கால உத்தரவுகளை மட்டும் குறிப்பிட்டது, இறுதி உத்தரவுகளைப் பற்றிப் பேசவில்லை. இதனால் இறுதித் தீர்ப்பைக் கையில் வைத்திருந்தவர்கள் மாவட்ட ஆட்சியர் மூலமான வசூலையோ, சிறைத்தண்டனை கோரும் 27ஆம் பிரிவையோ நம்ப வேண்டியிருந்தது; சொத்தை முடக்கக் கேட்ட நிறைவேற்று மனுக்களில், அதாவது தீர்ப்பைச் செயல்படுத்தக் கோரும் மனுக்களில், இச்சொற்குறையே புதிய ஆட்சேபணையாக எழுப்பப்பட்டது. வீட்டுவசதிச் சங்கம் ஒன்றின் வழக்கில் 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம், 2003 மார்ச் 15 முதல் 2020 ஜூலை 20 வரையிலான காலத்துக்கு அப்பிரிவை 'எந்த உத்தரவும்' என்றே படிக்க வேண்டும் என்று அறிவித்து, அக்காலத்து இறுதித் தீர்ப்புகளையும் உரிமையியல் நீதிமன்ற ஆணையைப் போலவே நிறைவேற்றலாம் என்றது. நிலுவையிலுள்ள நிறைவேற்று மனுக்களை விரைந்து முடிக்க நடவடிக்கை எடுக்குமாறு தேசிய ஆணையத்தின் தலைவரையும் அது கேட்டுக்கொண்டது.